முறத்து அரிசியா, கூவும் விளையாட்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை நேரத்தில் வீட்டு வாசலில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். மலாய் மொழியில் ஒலிப்பதை அப்படியே எழுதிவிடலாம். அந்தப் பழக்கத்தில் போலீசுக்கு பி-ஓ-எல்-ஐ-எஸ் என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். மலாயில் அது சரிதான். ஆங்கிலத்தில் கடைசியில் சி, இ வர வேண்டும்.

ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பதிய வைக்க, முறத்தில் அரிசி பரப்பி விரலால் எழுத வைப்பது ஒரு வழி. சின்னப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், கையும் பழகும். ஆனால் மறுநாள் கேட்டால் பாதி மறந்திருக்கும்.

இன்னொன்று, ஒலிக்காத எழுத்தையும் சேர்த்துக் கூவுவது. புதன்கிழமைக்கு ‘வெட்-நெஸ்-டே’, கத்திக்கு ‘க்-னைஃப்’, தீவுக்கு ‘இஸ்-லேண்ட்’. சிரித்தபடியே மனதில் பதித்துக்கொள்கிறார்கள். கூடவே கதையும் சொல்லலாம். புதன், வோடன் என்ற பழைய தெய்வத்தின் நாள். கத்தியின் கே ஒரு காலத்தில் உண்மையிலேயே ஒலித்தது. தீவின் எஸ் மட்டும் ஒருநாளும் ஒலித்ததில்லை. லத்தீன் வழி வந்த வேறொரு சொல்லைப் பார்த்துப் பின்னாளில் நுழைத்துவிட்டார்கள். இதைக் கேட்டதும் ஒரு பையன், “அப்போ தப்பு நம்ம மேல இல்லையா டீச்சர்?” என்றான். முகத்தில் அப்படியொரு நிம்மதி!

எழுத்தே இப்போதுதான் பழகும் பிள்ளைக்கு அரிசி போதும். மற்றவர்களுக்கு என் ஓட்டு கூவலுக்குத்தான். ‘பொ-லி-சே’ என்று நாலு தடவை கத்தியபின் அந்தப் பையன் போலீசைத் தப்பில்லாமல் எழுதினான்.