மட்டக்களப்பு நகரில் கம்பனி பதிவுச் சேவை: வேலை சுத்தம், விளக்கம் குறைவு

பெயர் அங்கீகாரம், பதிவு விண்ணப்பமான படிவம் 1, பணிப்பாளர் சம்மதத்துக்குப் படிவம் 18, செயலாளர் சம்மதத்துக்குப் படிவம் 19 எல்லாவற்றையும் இணையவழியே பிழையில்லாமல் போட்டுத் தருகிறார்கள். அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள், இல்லாவிட்டால் வேலை இழுபடும்.

சொல்ல வேண்டியதைத்தான் சொல்வதில்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, பதிவானதும் கம்பனி உங்களிலிருந்து வேறான ஓர் ஆள். தன் பெயரில் காணி வாங்கலாம், வழக்குப் போடலாம். அதன் கடன் அதற்கே. வெறும் வியாபாரப் பெயர்ப் பதிவுக்கு இந்தத் தகுதி கிடையாது. கடை நொடித்தால் வீட்டுக்கும் ஆபத்து. இரண்டும் ஒன்றென்று நினைத்து வருபவர்களுக்கு இதை முதல் நாளே விளக்க வேண்டாமா?

வங்கி பணிப்பாளரின் சொந்தப் பிணை கேட்டால் யோசித்துக் கையெழுத்திடுங்கள். அந்தக் கடனுக்குக் கம்பனி உங்களைக் காப்பாற்றாது. கம்பனிக் காசில் மகளின் கலியாணச் செலவு பார்ப்பதும் (நம்மூரில் சர்வ சாதாரணம்) வில்லங்கம்தான்; அது கம்பனியின் காசு, உங்களுடையதல்ல.

பதிவாகி 30 வேலை நாட்களுக்குள் பகிரங்க அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதற்கும் வருடாந்த அறிக்கையான படிவம் 15க்கும் இவர்கள் தனிக் கட்டணம் எடுக்கிறார்கள். எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை.