பாரிஸ் போகிறவர்கள் கவனத்துக்கு: லூவ்ர் டிக்கெட்டிலும் டாக்ஸ் ரீஃபண்டிலும் பணம் போகும் விதம்

பாரிஸ் என்றதும் எல்லோரும் பிக்பாக்கெட் பற்றித்தான் எச்சரிக்கிறார்கள். அதைவிடப் பெரிய தொகை ரசீதோடும் கையெழுத்தோடும் போய்விடுகிறது.

லூவ்ர் டிக்கெட்டைத் தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் விளம்பரம். அருங்காட்சியகத்தின் படமும் பெயரும் இருக்கும், உள்ளே மறுவிற்பனைத் தளம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருவோருக்கு 2026 ஜனவரி முதல் லூவ்ர் நுழைவு 32 யூரோ. கைபேசி ஒலிவழிகாட்டி ஒன்றை ஒட்டவைத்து, அதையே இரு மடங்குக்கு விற்கும் தளங்கள் உண்டு. இதில் மோசமானது அவர்கள் விற்கும் குழந்தை டிக்கெட். லூவ்ரிலும் ஓர்சே அருங்காட்சியகத்திலும் 18 வயது நிரம்பாதவர்களுக்கு, எந்த நாட்டவரானாலும், நுழைவு இலவசம். வயதுக்குச் சான்றாக பாஸ்போர்ட் போதும். லூவ்ரில் இலவச நுழைவுக்கும் நேரம் பதிய வேண்டும், அவ்வளவே. பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர் என்றால் 64 யூரோவோடு முடிய வேண்டிய கணக்கு இது.

"வரிசையில் நிற்க வேண்டாம்" என்ற வாக்குறுதிக்கும் அதிகம் கொடுக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனை எல்லோருக்கும் உண்டு. லூவ்ரின் சொந்தத் தளத்தில் நேரம் பதிந்தவர் நிற்கும் வரிசையில்தான் நீங்களும் நிற்பீர்கள். ஒரு தளம் நம்பகமானதா என்று பார்க்க எளிய வழி: செவ்வாய்க்கிழமைக்கு லூவ்ர் டிக்கெட் கேட்டுப் பாருங்கள். அன்று லூவ்ருக்கு விடுமுறை. ஓரஞ்சரி அருங்காட்சியகத்துக்கும் செவ்வாய், ஓர்சேக்குத் திங்கள். விடுமுறை நாளுக்கும் டிக்கெட் தருகிற தளத்தில் கார்டு எண்ணைப் போடாதீர்கள். டிக்கெட்டே கிடைக்கவில்லையா? பெத்தி பலே, கார்னவலே ஆகிய இரு அருங்காட்சியகங்களிலும் நிரந்தரக் காட்சி இலவசம். பெத்தி பலேயைப் பலர் தவறவிடுவது அநியாயம்.

லூவ்ருக்கும் ஓரஞ்சரிக்கும் நடுவே துயிலரி பூங்கா. அங்கே உங்கள் காலடியில் "தங்க" மோதிரம் கண்டெடுப்பவரிடம் நின்று பேசாதீர்கள். அது பித்தளை, அடுத்தது பணம் கேட்பார். கையெழுத்து அட்டை நீட்டும் கூட்டம் இன்னும் ஆபத்து. அட்டை உங்கள் பையை மறைக்கும்போது இன்னொருவர் கை பைக்குள் இருக்கும். சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டில் விரலில் நூல் கட்ட வருவார்கள். கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருங்கள்.

கடைகளில் கார்டு இயந்திரம் யூரோவா, ரூபாயா என்று கேட்டால் யூரோவைத் தொடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள், உங்கள் வங்கி அல்ல. கடையில் நேரில் வாங்கிய பொருளைப் பிடிக்கவில்லை என்று திருப்பித் தர பிரான்சில் சட்ட உரிமை கிடையாது. கடையின் விதியை முதலிலேயே கேளுங்கள்.

இனி டாக்ஸ் ரீஃபண்ட், அதாவது வாங்கிய பொருளை வெளியே எடுத்துப் போகும் பயணிக்கு அதன் விற்பனை வரியைத் திருப்பித் தருவது. வரி 20 சதவீதம் என்பதால் 300 யூரோ பொருளில் 60 திரும்பும் என்று நினைக்கிறார்கள். விலைக்குள் அடங்கிய வரியே 50தான். அதிலும் இடைத்தரகு நிறுவனம் கட்டணம் எடுத்தபின், விலையில் 12 சதவீதம் மிஞ்சும் என்று வைத்தால், கைக்கு 36 வரும். தகுதி: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், குறைந்தது 16 வயது, ஒரே கடையில் மூன்று நாளுக்குள் 100 யூரோவுக்கு மேல் கொள்முதல். பணம் கட்டும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேட்க வேண்டும்.

பாரிஸ் நகருக்குள்ளேயே இந்த ரீஃபண்டை ரொக்கமாக முன்பணம் தரும் கவுண்டர்களில்தான் பெரிய அடி விழுகிறது. அவர்கள் உங்கள் கிரெடிட் கார்டை ஈடாக வைத்துக்கொள்வார்கள். சுங்கம் ஒப்புதல் தந்த படிவம் கெடுவுக்குள் போய்ச் சேராவிட்டால், கொடுத்த பணத்தோடு அபராதமும் கார்டிலிருந்து எடுக்கப்படும். ஊர் திரும்பி மாதக் கணக்கு வரும்போதுதான் தெரியும். அவசரமில்லாதவர்கள் கார்டுக்கே திருப்பிவிடச் சொல்வது நல்லது.

விமான நிலையத்தில் பாப்லோ எனும் சுங்க ஒப்புதல் இயந்திரத்தில் படிவத்தின் பார்கோடைக் காட்டுங்கள். பச்சைத் திரை வந்தால் ஒப்புதல் முடிந்தது. சிவப்பு வந்தால் சுங்கக் கவுண்டருக்குப் போக வேண்டும், பொருளைக் காட்டச் சொல்வார்கள். ஆகவே பெட்டியை செக்-இன் செய்வதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.