மாதிரி ரயிலுக்கான ரேடியோ ரிமோட்: சிக்னல் எட்டும் தூரம் எவ்வளவு?

எஞ்சினுக்குள்ளேயே பேட்டரியையும் ரிசீவரையும் பொருத்தி, தண்டவாளத்தில் மின்சாரம் இல்லாமலே மாதிரி ரயிலை ஓட்ட உதவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். வேகக் குமிழ் துல்லியமாகத் திரும்புகிறது; ரிசீவருடன் இணைப்பதும் எளிது. வாங்குவோர் முதலில் கேட்பது சிக்னல் எவ்வளவு தூரம் எட்டும் என்பதைத்தான். விற்பவர்கள் அரைகுறையாகச் சொல்வதும் அதைத்தான்.

பெட்டியின் மேல் 60 மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறார்கள். தடையில்லாத வெட்டவெளியில், பிளாஸ்டிக் உடல் கொண்ட டீசல் எஞ்சினில் அது ஏறக்குறைய உண்மையே. ஆனால் அதே ரிசீவரைப் பித்தளையால் ஆன நீராவி எஞ்சினின் கொதிகலனுக்குள் வைத்தால், 10 மீட்டர் தாண்டுவதற்குள்ளேயே கட்டளைகள் தவறத் தொடங்குகின்றன. உலோகக் கூடு ரேடியோ அலைகளைத் தடுப்பது இயற்கை, அதற்காகக் கருவியைக் குறை சொல்ல முடியாது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததைத்தான் ஏற்க முடியவில்லை.

ரிசீவரிலிருந்து வரும் மெல்லிய கம்பியின் நுனியில் உறை உரிக்கப்பட்டிருக்கும் சுமார் 31 மில்லிமீட்டர் பகுதிதான் உண்மையான ஆன்டெனா. இந்த அலைவரிசையின் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு அது என்பதால், அந்த நுனியை வெட்டவோ சுருட்டவோ கூடாது. அதை டெண்டருக்கு (நீராவி எஞ்சினின் பின்னால் இணைந்திருக்கும் நிலக்கரிப் பெட்டிக்கு) கொண்டுவந்து, பிளாஸ்டிக் நிலக்கரிக் குவியலுக்கு அடியில், உலோகத்தைத் தொடாமல் ஒட்டியபின், பித்தளை எஞ்சினும் பாதையின் கடைக்கோடி வரை ரிமோட்டுக்குத் தடுமாறாமல் பணிகிறது. வேறு எந்தச் செலவும் இல்லாமல் கிடைத்த பலன் இது.

மனித உடலும் ஒரு தடையே. உடலிலுள்ள நீர் இந்த அலைகளை உறிஞ்சுவதால், ரயிலுக்கு முதுகைக் காட்டியபடி ரிமோட்டை மார்போடு ஒட்டிப் பிடித்தால் எட்டும் தூரம் கண்கூடாகக் குறைகிறது. பார்வையாளர்கள் சூழ்ந்து நிற்கும் கண்காட்சிகளில் ரிமோட்டைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடிப்பது நல்லது. வைஃபையும் இதே அலைவரிசையில் இயங்கினாலும், அலைவரிசையை மாற்றி மாற்றித் தாவும் நுட்பம் இதில் இருப்பதால், ரூட்டருக்குப் பக்கத்திலும் இடைஞ்சல் தெரியவில்லை.

என்னைக் கவலைப்பட வைத்தது வேறொன்று. சிக்னல் அறுந்தால், எஞ்சின் கடைசியாகப் பெற்ற வேகத்திலேயே தொடர்ந்து ஓடும்படி இதைத் தயாரித்து அனுப்புகிறார்கள். சுரங்கத்துக்குள் இணைப்பு விட்டுப்போகும்போது ரயில் தானே வெளியே வந்துவிட இது உதவும் என்றாலும், பாதை முட்டி முடியும் இடத்திலோ இறக்கத்திலோ இதே ஏற்பாடு எஞ்சினை உடைத்துவிடும். சில விநாடிகள் கட்டளை வராவிட்டால் மெல்ல வேகம் குறைந்து நிற்கும்படி மாற்றிக்கொள்ளும் வசதி ரிசீவரிலேயே இருக்கிறது. முதல் ஓட்டத்துக்கு முன்பே அதை மாற்றிவிட்டு, எஞ்சினைச் சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கி வைத்து, ரிமோட்டை அணைத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும்.