மேஜரை எங்கே படிக்க அனுப்பலாம்? அமெரிக்க ராணுவக் கொள்முதலில் மூன்று வழிகள்

1991 ஜனவரியில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் டிக் செனி, கடற்படைக்கான ஏ-12 தாக்குதல் விமானத் திட்டத்தை ரத்து செய்தார். அதுவரை ஒரு விமானம்கூடப் பறந்திருக்கவில்லை. அதை ஒட்டி எழுந்த வழக்கு 2014 வரை இழுத்தது. விமானத்தின் எடை கூடுவதும் செலவு எகிறுவதும், ஒப்பந்தத்தை மேற்பார்வை செய்யும் திட்ட அலுவலகத்துக்கு வந்த அறிக்கைகளிலேயே தெரிந்தன. ஆனால் மேலிடத்துக்குப் போகப் போக அந்தச் செய்தியின் காரம் குறைந்துகொண்டே போனது.

கொள்முதலில், அதாவது ஆயுதங்களை உருவாக்கி வாங்கும் வேலையில், இடைநிலை அதிகாரிகளுக்குத் தரும் பயிற்சியை நான் இதை வைத்துத்தான் அளக்கிறேன். ஒப்பந்த நிறுவனம் தரும் கால அட்டவணையில் எது பொய் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைத் தளபதியிடம் நேராகச் சொல்லவும் வேண்டும். மேஜர், லெப்டினன்ட் கர்னல், அவர்களுக்கு இணையான சிவிலியன் ஊழியர்கள்தான் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதல் வழி வர்ஜீனியாவின் ஃபோர்ட் பெல்வாயரில் தலைமையகம் கொண்ட டிஏயூ, அதாவது பாதுகாப்புக் கொள்முதல் பல்கலைக்கழகம். 1971-இல் தொடங்கிய திட்ட மேலாண்மைக் கல்லூரி இதன் வேர். 1990-இல் வந்த சட்டம் கொள்முதலைத் தனித் தொழிலாகவே ஆக்கியது. பெரிய திட்டத்துக்கு மேலாளராக வர 8 ஆண்டு கொள்முதல் அனுபவம் வேண்டும், அதில் 2 ஆண்டாவது திட்ட அலுவலகத்தில் கழிந்திருக்க வேண்டும் என்று அது வரையறுத்தது. 2022-இல் பாடத்திட்டத்தைச் சுருக்கி, திட்ட மேலாண்மைக்கு மூன்று படிநிலைகள் வைத்தார்கள். சான்றிதழ் வாங்கிய பிறகும் ஒவ்வொரு 2 ஆண்டிலும் 80 மணி நேரம் தொடர் கல்வி உண்டு.

இதன் பலம், எல்லோருக்கும் எட்டுவது. வேலையை விட்டு அதிக நாள் விலக வேண்டியதில்லை. ஆனால் விதியும் படிவமும் இணையவழிப் பாடத்தில் வந்துவிடும், துணிவு வராது. நடந்த திட்டங்களின் வழக்காய்வை வைத்துக்கொண்டு, வெவ்வேறு படைகளிலிருந்து வந்தவர்கள் ஒரே அறையில் வாதாடும் வகுப்புகள்தான் டிஏயூவின் உண்மையான சொத்து. செலவு குறையும் என்று அவற்றைத் திரைக்கு மாற்றுவது தவறு என்றே நினைக்கிறேன். 2025 நவம்பரில் இந்த அமைப்பைப் போர்க் கொள்முதல் பல்கலைக்கழகமாக மாற்றப்போவதாக அறிவித்தார்கள். பெயர் எப்படியோ போகட்டும், அந்த அறைகள் மிஞ்சுமா என்பதே என் கவலை.

இரண்டாவது வழி கலிபோர்னியாவின் மான்டரேயில் உள்ள கடற்படை முதுகலைப் பள்ளி. அங்கேயே தங்கிப் படித்தால் சுமார் ஒன்றரை ஆண்டு ஆகும். வேலை பார்த்தபடி தொலைநிலையில் முதுகலைப் பட்டம் பெறவும் வழி உண்டு. அங்கே ஆய்வேடு எழுத வேண்டும் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு திட்டம் ஏன் தாமதமானது என்று மாதக்கணக்கில் தரவைத் துருவியவரை அழகான ஸ்லைடு காட்டி ஏமாற்றுவது சுலபமில்லை. குறையும் உண்டு. ஒன்றரை ஆண்டு என்பது அதிகாரியின் பணிக்காலத்தில் பெரிய துண்டு. அவரை இழக்கும் அலுவலகம் முணுமுணுக்கத்தான் செய்யும்.

மூன்றாவது, விமானப்படை 1947 முதல் நடத்தும் தொழில்துறைப் பயிற்சி. அதிகாரியைச் சுமார் 10 மாதம் ஒரு நிறுவனத்துக்குள் அனுப்பிவிடுகிறார்கள். தரைப்படையிலும் இதேபோன்ற ஏற்பாடு உண்டு. ஒப்பந்தத்தின் எதிர்ப்பக்கத்தில் உட்காரும்போதுதான் விலைப்புள்ளி எப்படிப் பிறக்கிறது, துணை ஒப்பந்தக்காரர் தாமதித்தால் அது எந்தக் கட்டத்தில் வெளியே வருகிறது, லாபம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதெல்லாம் புரியும். இதை எந்த வகுப்பறையும் தராது. அதே சமயம் நலன் முரண் ஆபத்து உண்மையானது. நாளைக்கு அதே நிறுவனத்தின் ஒப்பந்தத்தை அவர் மேற்பார்வை செய்ய நேரலாம். இடங்களும் கொஞ்சம்தான்.

சரி, யாருக்கு எது? டிஏயூ சான்றிதழ் கட்டாயம், அதில் தேர்வுக்கு இடமில்லை. அதற்கு மேல் ஒன்றுதான் முடியும் என்றால், திட்ட அலுவலகத்தில் ஏற்கெனவே சில ஆண்டு வேலை பார்த்தவரை நான் நிறுவனத்துக்கே அனுப்புவேன். எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கப்பலிலோ விமானத்திலோ பத்தாண்டு கழித்துவிட்டுப் புதிதாகக் கொள்முதலுக்குள் வருபவருக்கு மான்டரேதான் பொருத்தம். அடித்தளமே இல்லாமல் நிறுவனத்துக்குள் போனால், அவர்கள் காட்டுவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

சிவிலியன் ஊழியர்களின் நிலை வேறு. ராணுவ அதிகாரி சில ஆண்டில் மாற்றலாகிப் போய்விடுவார். பத்து, பதினைந்து ஆண்டு ஓடும் திட்டத்தின் நினைவு இவர்களிடம்தான் இருக்கிறது. குடும்பத்தோடு ஊர் மாறுவது பலருக்கு முடியாத காரியம் என்பதால் தொலைநிலைப் பட்டமே கைக்கு எட்டுவது. அதற்கு வாரத்தில் சில மணி நேரமாவது அலுவலக நேரத்திலேயே ஒதுக்கித் தர வேண்டும். இரவு பதினொரு மணிக்குக் களைத்துப்போய் எழுதும் ஆய்வேட்டை நம்பிப் பல நூறு கோடி டாலர் திட்டத்தை ஒப்படைக்கக் கூடாது.