கிருஷ்ணகிரி ஸ்டுடியோவில் சீரமைத்த சோழவரம் படம்

1970-களில் சென்னைக்கு அருகிலுள்ள சோழவரத்தில் நடந்த மோட்டார் பந்தயத்தில் என் தந்தையார் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று, பூஞ்சை பிடித்து நடுவில் மடிப்பும் விழுந்திருந்ததால், கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்கு அருகிலுள்ள ஒரு ஸ்டுடியோவில் சீரமைக்கக் கொடுத்தேன்.

சோழவரம் பந்தயத்துக்கென்று கட்டப்பட்ட இடமன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களைக் காண வெளியூர்களிலிருந்தும் மக்கள் திரண்டார்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் திறக்கப்படும்வரை தென்னகத்தின் மோட்டார் பந்தயம் என்றாலே சோழவரம்தான். அந்தக் காலத்தின் சாட்சியாக எங்கள் வீட்டில் எஞ்சியிருப்பது இந்த ஒரு படமே.

முதலில் தந்த பிரதியில் மடிப்பு தடமில்லாமல் மறைந்திருந்தது. ஓட்டுநரின் தலைக்கவசப் பட்டைகூடத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் காரின் பின்னால் எழுந்த புழுதியைப் பூஞ்சைக் கறை என்றெண்ணித் துடைத்துவிட்டதால், சீறிப் பாய்ந்த கார் ஓரமாக நிறுத்தி வைத்ததுபோல் ஆகிவிட்டது. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. எடுத்துச் சொன்னதும், கூடுதல் கட்டணம் கேட்காமல், மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புழுதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

சட்டத்துடன் 850 ரூபாய், ஒன்பது நாள். சட்டத்தின் மரம் சுமார்தான். பழைய படம் கொடுப்பவர்கள், அதில் எது கறை, எது காட்சி என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.