மார்பு எடுத்த பிறகு: உள்ளே வைப்பதா, வெளியே அணிவதா?

2021இல் மார்புப் புற்றுநோயால் இடது மார்பை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, நோயைப் பற்றிய பயம் பாதி, எடுத்த பிறகு அந்த இடத்தில் என்ன என்ற கேள்வி பாதியாக என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே சிலிக்கன் பை வைக்கலாம். வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சதை எடுத்து மார்பு செய்யலாம். இல்லையென்றால் தட்டையாகத் தைத்துவிட்டு, வேண்டியபோது பிராவுக்குள் செயற்கை மார்பு போட்டுக்கொள்ளலாம். நான் கடைசி வழியை எடுத்தேன், இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பையாலோ சதையாலோ மார்பை மீளமைப்பதால் நோய் திரும்பி வரும் ஆபத்து கூடுவதில்லை. எந்த வழியில் போனாலும் பழைய உணர்ச்சி முழுதாகத் திரும்புவதும் அரிது. இப்போது வேண்டாம் என்று விட்டாலும் வருடங்கள் கழித்துச் செய்துகொள்ளலாம். இதெல்லாம் கிளினிக்கிலேயே சொல்வார்கள்.

எனக்கு முடிவைத் தந்தது பராமரிப்பு. சிலிக்கன் பை ஆயுள் முழுக்க நிற்கும் பொருள் அல்ல. பலருக்கு 10, 20 வருடங்களில் மாற்ற வேண்டி வருகிறது, அதுவும் இன்னொரு சத்திரசிகிச்சைதான். உள்ளே கிழிந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம் என்பதால், வைத்து 5, 6 வருடத்தில் ஒரு ஸ்கான், அதற்குப் பிறகு 2, 3 வருடத்துக்கு ஒருமுறை ஸ்கான் என்று அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கிற எஃப்டிஏ சொல்கிறது. கதிர்வீச்சு, நம் ஆட்கள் சொல்கிற கரண்ட், பிடித்த மார்பில் பையைச் சுற்றிய சதை இறுகிக் கல்லாகும் ஆபத்தும் கூடுதல். எனக்கு கரண்ட் பிடிக்க வேண்டிவரும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். மட்டக்களப்புக்குக் கிட்ட இருக்கிற எங்கள் ஆரையம்பதியிலிருந்து, இதற்குப் போக வேண்டிய கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். ஒரு இரவு பஸ், துணைக்கு ஒரு ஆள், தங்க ஒரு வீடு, இங்கே பிள்ளைகளுக்குச் சமைக்க மாமி. இதை ஒரு தடவை செய்யலாம், 60 வயதில் திரும்பவும் செய்வேனா என்று கேட்டபோது எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கல்முனையில் இருக்கிற மச்சாள் வயிற்றுச் சதையில் செய்துகொண்டா. இதில் மாற்ற வேண்டிய பொருள் எதுவும் உள்ளே இல்லை. சொந்தச் சதை என்பதால் உடம்பு மெலிந்தால் அதுவும் மெலியும், பெருத்தால் பெருக்கும். ஆனால் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் மேசையில் இருந்தா, காயமும் இரண்டு இடத்தில். தும்மல் வந்தால் தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் தும்முவா, இரண்டு மாதம் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் இழுக்க விடவில்லை. இன்றைக்குச் சாரி உடுத்தும்போது எந்த யோசனையும் இல்லாமல் உடுத்துகிறா, அதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். நான் கிட்ட இருந்து பார்த்தது அவ ஒருவரைத்தான், அதனால் எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். எனக்குச் சீனி வருத்தம் வேறு இருக்கிறது, பெரிய காயம் ஆறுவது கஷ்டம். 30 வயதில், சீனி இல்லாமல் இருந்திருந்தால் அவ வழிக்கே போயிருப்பேனோ என்னவோ.

அப்புறம் என் வழி. காயம் ஆறும்வரை இலேசான பஞ்சு மார்பு ஒன்றுதான். அது கனமில்லாததால் நடக்க நடக்க மேலே ஏறித் தோள் எலும்புக்குக் கிட்ட வந்து நிற்கும். பெரியம்மா அதைப் பிரித்து, அடியில் ஒரு பிடி பாசிமணியைச் சின்னப் பையாகத் தைத்துப் போட்டுவிட்டு, “போட்டுப் பாரு மனே, இனி ஏறாது” என்றா. ஏறவில்லை. பிறகு வாங்கிய சிலிக்கன் மார்புக்கு நல்ல கனம், பிராவின் உட்பக்கம் பருத்தித் துணியில் ஒரு பொக்கற் தைத்து அதற்குள் வைக்கிறேன். இரவில் சாதாரண சவுக்காரத்தில் கழுவி, துடைத்து, அதன் பெட்டியிலேயே வைக்க வேண்டும், வெளியே போட்டால் வடிவம் கெடும். ஊசி குத்தக்கூடாது, சாரிக்கு ஊசி குத்தும்போது கவனம். 2, 3 வருடத்தில் புதியது வாங்க வேண்டும், ஆனால் அதற்கு யாரும் என்னை மயக்கத் தேவையில்லை. சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டும், அதை மறைக்கமாட்டேன். வீட்டில் நான் போடுவதே இல்லை, கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போடுகிறேன்.

இந்த வழிக்குப் போகிறவர்கள் கையெழுத்துப் போட முன் டாக்டரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: மிச்சத் தோல் தொங்காமல் தட்டையாகத் தைப்பீர்களா என்று. நான் கேட்காமல் போனேன். அக்குளோரம் ஒரு மடிப்பு நிற்கிறது, பிராவின் விளிம்பு அதில்தான் உரசும், வெயில் நாட்களில் அந்த இடத்தில் ஒரு சின்னத் துணியை மடித்து வைத்துக்கொள்கிறேன்.