கிணற்று மோட்டார்: எந்த இம்பெல்லர் கேவிட்டேஷனைத் தாங்கும்?

சித்திரையில் கிணறு இறங்கினால் மோனோபிளாக் மோட்டார் ஜல்லி அரைக்கிற மாதிரி சத்தம் போடும். பம்புக்குள் சுழலும் இறகுச் சக்கரம்தான் இம்பெல்லர்; அதன் கண்ணருகே (தண்ணீர் நுழையும் நடுத் துளை) அழுத்தம் விழுந்து தண்ணீர் ஆவிக் குமிழியாகிறது. அழுத்தம் கூடும் இடத்துக்குப் போனதும் குமிழி நொறுங்கி உலோகத்தைக் கொத்துகிறது. இதுதான் கேவிட்டேஷன்.

நம் பக்கம் இதைத் தவிர்க்கக் கையிருப்பு அழுத்தம் குறைவு. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 10.3 மீட்டர் தண்ணீருக்குச் சமம். தர்மபுரியில் ஏறக்குறைய 9.8, ஓசூரில் 9.3தான். ஓசூரில் 5 மீட்டர் ஆழத்திலிருந்து இழுத்தால், குழாய், ஃபுட் வால்வு உராய்வுக்கு 1.2, ஆவியழுத்தத்துக்கு 0.4 போக, மிஞ்சுவது 2.7 மீட்டர். பம்புக்கு 2.5 மீட்டர் தேவை என்று கேட்லாக் சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்த எண், தள்ளும் உயரம் ஏற்கெனவே 3 சதவீதம் குறைந்துவிட்ட நிலை. குமிழி அதற்கு வெகு முன்பே பிறக்கும். இம்பெல்லரின் சொரசொரப்பு விளையாடுவது அந்த இடைவெளியில்தான்.

எப்படி? நிமிடத்துக்கு 2,880 சுற்றில் 60 மி.மீ. கண்ணின் விளிம்பு நொடிக்கு 9 மீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்துக்கு ஈடான அழுத்தம் சுமார் 4 மீட்டர். இறகின் நுனியில் தண்ணீரின் எல்லை அடுக்கு மிக மெல்லியது; அங்கே மணல் வார்ப்பில் மிஞ்சி நிற்கும் பிசிர் முழு வேகத்தையும் வாங்கும். கால் பங்கு அழுத்தம் பறிபோனாலே 1 மீட்டர் போச்சு. பள்ளங்களில் ஒளிந்திருக்கும் காற்று குமிழிக்கு வித்தாகவும் ஆகிறது. பரவலான சொரசொரப்பைவிடத் தனியாகத் துருத்தும் ஒரு பிசிர்தான் மோசம்.

வார்ப்பிரும்பு: மலிவு. மணல் வார்ப்பின் சொரசொரப்பு 12 முதல் 25 மைக்ரான். கொத்து வாங்கினால் சீக்கிரம் குழியும். குழி அடுத்த குமிழியை வளர்க்கும். மேல்பூச்சு பூசியதை வாங்கினாலும், நுனியில் பூச்சு உரிந்தால் அந்த ஓரமே புதுப் படியாகிவிடும்.

கன்மெட்டல் (வெண்கல வகை): துருப்பிடிக்காது, வார்ப்பிரும்பைவிடத் தாங்கும். பிசிர் மட்டும் அதேதான்.

பிளாஸ்டிக்: புதிதில் வழவழப்பில் முதலிடம். மணல் வரும் கிணற்றில் நுனி தேயும். தண்ணீரில்லாமல் ஓடினால் உருகும்.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடு: வழவழப்பும் உறுதியும் சேர்ந்தது, காசு இருந்தால் இதுதான் என் தேர்வு. வாங்கும்போது கண்ணுக்குள் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வெல்டு மேடு நகத்தில் தட்டினால் வேறொன்று கேளுங்கள்.

உப்புத் தண்ணீரில் எதுவும் வழவழப்பாகவே இருந்துவிடாது. படிவு திட்டுத்திட்டாக உரியும். உளியால் கொத்தினால் கீறல் விழும். தேங்காய் நாரால் தேய்க்கலாம்.

வார்ப்பிரும்பையே வைத்திருப்பவர்கள், இறகு நுழைவாயிலில் ஒரு விரல் அகலத்துக்கு அரம் போட்டுப் பிசிரை எடுத்து, 120, பிறகு 220 எமரி தாளால் தண்ணீர் ஓடும் திசையிலேயே தேய்க்கலாம். குறுக்கே தேய்க்கக் கூடாது. எல்லா இறகிலும் ஒரே அளவு எடுக்காவிட்டால் அதிரும்.

கழற்றும்போது குழிகள் நுழைவு விளிம்புக்குச் சற்றுப் பின்னால் மட்டும் இருந்தால் கேவிட்டேஷன். வெளி முனையில் வரிவரியாகத் தேய்ந்திருந்தால் மணல். முதல் வகையென்றால், இம்பெல்லரை மாற்றும் முன் மோட்டாரை ஒரு மீட்டர் கீழே இறக்குங்கள். சக்‌ஷன் பிளாஞ்சில் (இழுக்கும் குழாய் பம்போடு இணையும் இடம்) கேஸ்கட் உள்ளே துருத்துகிறதா என்றும் பாருங்கள்.